மாஃப் கேட்க வந்தவர்கள்

பெயர் ஃபரூக், தகப்பனார் பெயர் அமீனுல்லா, வயது நாற்பத்தாறு, தோல் மண்டியில் வேலை, இருப்பு வாணியம்பாடி. 1966 செப்டம்பரில் ஏட்டு கோபால்சாமி அவர்கள் முன் விசாரிக்கப்பட்டுச் சொல்வது:

காணாமல் போனதாக என் அண்ணி ஃபக்ருன்னிசா புகார் கொடுத்த நசருல்லா என் உடன்பிறந்த அண்ணன். இளவயதில் நாங்கள் இருவரும் பம்பாயில் கப்பல்களின் நீராவிக் குழாய்களுக்குக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், சுற்றும் வேலை செய்தோம். கல்நார் பஞ்சு போலப் பறந்து தலையெல்லாம் வெளுத்துவிடும். சாயங்காலம் ஒருவரை ஒருவர் கிழவன் என்று கேலி செய்துகொள்வோம். அதன்பிறகு ஊர் திரும்பி மண்டி வேலைக்குச் சேர்ந்தோம்.

இந்தக் கோடையில் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் வலது விலாவில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அதன்பிறகு டாக்டர் என்னை மட்டும் தனியாக அழைத்து, பழைய வேலையைப் பற்றி விசாரித்து, நுரையீரலின் மேலுறையில் புற்று வந்திருக்கிறது என்றும், கல்நார்த் தூசியால் இது வருவதாக வெளிநாட்டு டாக்டர்கள் இப்போதுதான் எழுதுகிறார்கள் என்றும், நீரை எடுத்தாலும் திரும்பச் சேரும், வலியைக் குறைக்க மருந்து உண்டு, குணமாக்க இல்லை என்றும் சொன்னார். எத்தனை காலம் என்று கேட்டேன். பெரும்பாலும் ஒரு வருடம் தாண்டாது, சிலர் கூடவும் இருப்பார்கள் என்றார். கூட வேலை செய்தவர்களுக்கு வருமா என்று கேட்டேன். எல்லாருக்கும் வராது, ஆனால் முப்பது வருடம் கழித்தும் வரலாம் என்றார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனிடம் வெறும் நீர்க்கோவை என்று சொல்லிவைத்து, அண்ணியிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். அவர் தம் அக்காவிடம் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொருவரும் "யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்று சொல்லியே அடுத்தவரிடம் சொன்னார்கள். எங்களில், ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவரிடமும் இனிப் பிழைக்கமாட்டார் என்று தெரிந்தவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது வழக்கம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து, "சீக்கிரம் சரியாய்டும்ங்க" என்று தைரியம் சொல்லிவிட்டு, எழுந்து போகும்போது அண்ணன் கையைப் பிடித்து, "சொன்னது செஞ்சது மாஃப் பண்ணிடுங்க" என்றார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த லட்சணம் இது. பல வருடமாகப் பேசாத பங்காளியும் வந்து கேட்டபோது அண்ணன், "இன்னா, நான் ஹஜ்ஜுக்கா போறேன்?" என்றார்.

மறுநாள் காலை டீ குடித்துவிட்டுக் கம்பளியுடன் வெளியே போனவர் திரும்பவில்லை. அண்ணி புகார் கொடுத்தார். அதன்பிறகு, மலையில் ஆட்டுத்தோல் வாங்கப் போகும்போது எங்களுக்குப் பழக்கமான விவசாயி வடிவேலு ஆளனுப்பியதன் பேரில், இன்று ஏட்டு அவர்களுடன் காவலூருக்கு மேலே அவருடைய சாமைக் கொல்லைக்கு ஏறிப்போனேன். அண்ணன் காவல் பரணுக்குக் கீழே சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வரும்படி கூப்பிட்டேன். "வரல. வூட்ல எல்லாரும் மாஃப் கேக்கறாங்க. இங்க யாரும் கேக்கல. இங்கயே இருந்தா சாவமாட்டேன்னு தோணுது" என்றார். அதன்பிறகு, டாக்டர் சொன்னதை மறைக்காமல் சொல்லச் சொன்னார். சொன்னேன். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பயமா கீதுடா" என்றார். எனக்கும் பயம்தான்.

ஏற்றம் ஏறியதில் நான் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அண்ணன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு, "உனக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். எப்போதிருந்து என்றார். போன நோன்பு மாதத்திலிருந்து என்றேன்.

அவர் வேறு ஒன்றும் கேட்காமல் எழுந்து, கம்பளியை என்மேல் போட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு மலையிறங்கினார். அவரை யாரும் கடத்தவில்லை, யார்மேலும் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

என் விலா வலி என் மனைவி கனீஸ் ஃபாத்திமாவுக்குத் தெரியாது. அண்ணன் சொல்லமாட்டார். ஏட்டு அவர்களும் வெளியே சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் யாரும் மாஃப் கேட்டு வரவேண்டாம்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) ஃபரூக்