பிரேக் டிஸ்க்கில் ஒரு கோடு

கரமனை செல்லும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கார் டிரைவர், பக்கத்திலிருந்த ஒர்க்‌ஷாப்காரரிடம் போனில் படம் காட்டினார்.

"முதலாளியோட ஸ்போர்ட்ஸ் கார், அண்ணாச்சி. பிரேக் டிஸ்க்குல வட்டமா கோடு கிடக்கு. என் தலையில போட்டுருவாரோ?"

"நகத்த வெச்சா தடுக்குதா?"

"இல்ல."

"அப்ப சாதாரணம்தான். பிரேக் சவுட்டுனா கோடு விழும். வெடிப்பு இருந்தாத்தான் பயப்படணும்."

"மழையில துருவும் புடிச்சிருந்தது, கேட்டோ."

"அதுவும் சாதாரணம். ஓட்டுனா போயிரும்."

"இனி புடிக்காது. காலையில துடைச்சு நல்லா தேங்காயெண்ணெய் தேச்சிட்டேன்."

ஒர்க்‌ஷாப்காரர், வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்த போனை டிரைவர் கையிலேயே திணித்தார்.

"லே, டிஸ்க்குல எண்ணெய் இருந்தா பிரேக் புடிக்குமா? வண்டிய எடுக்க வேண்டாம்னு இப்பவே முதலாளிக்குச் சொல்லு. நான் வந்து கழுவித் தாரேன்."

"சாரே, வண்டி எடுக்கண்டா" என்று போனில் தொடங்கிய டிரைவர், கோடு, துரு, எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். பிறகு வெகுநேரம் முதலாளி பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எடுக்கவே இல்லயாம், அண்ணாச்சி. அந்தக் கோடு அவரு ஓட்டுனதுல விழுந்ததுன்னு நெனச்சாராம். நான் ஏசுவேன்னு பயந்து வண்டிப் பக்கமே வரலியாம்."