கல்லாவில் விட்ட ஒரு ரூபாய்

ஒரு பெண்ணின் நம்பிக்கை வேலூரில் முப்பத்திரண்டு ரூபாய்க்குக் கிடைக்கிறது, மேடம். டீ பன்னிரண்டு, இரண்டு மசால்வடை இருபது. பேரம் பேசியிருந்தால் குறைந்திருக்கும். முதல் போணியில் பேசக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

வாக்குமூலம் கேட்டீர்கள். ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை, உங்களுக்கும் சம்பளம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

என் அப்பா கண்ணாயிரத்துக்குச் செங்கத்தில் புளி மண்டி. ஜவ்வாது மலைப் புளி எங்கள் தராசைத் தொடாமல் கீழே இறங்கியதில்லை. பொங்கலுக்கு முன்பணம் கொடுப்போம். மாசியில் புளி வரும். கொட்டைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்போம். மலைக்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டு கைநாட்டு வைப்பார்கள். யாருக்கும் மனக்கசப்பு இருந்ததில்லை. எங்களுக்கு இருந்ததில்லை, அது நிச்சயம்.

போன வருஷம் ஓர் ஊர்ப் புளி வரவில்லை. விசாரித்தால், அந்த ஊர்ப் பெண் கோகிலவாணி, வேலூரில் கணினி படிப்பவள், பதினொரு குடும்பங்களைச் சேர்த்துச் சென்னையில் ஒரு வியாபாரிக்கு நேராக விற்கவைத்திருக்கிறாள். பணம் வங்கிக் கணக்கில் விழுகிறது, போனிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். கழிவு கிடையாது. பதினொரு குடும்பம் போனால் மண்டி மூழ்கிவிடாது. ஆனால் அடுத்த மாசியில் பக்கத்து ஊரும் போகும். அப்பாவுக்குத் தூக்கம் போனது அதனால்தான்.

அவள் மாதம் ஒரு ஞாயிறு வேலூரில் ஒரு கூட்டத்துக்குப் போகிறாள் என்று தெரிந்தது. தகவல் பாதுகாப்பு ஆட்கள். நானும் பி.எஸ்சி. கணினி படித்துவிட்டு மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவன்தான். போனேன்.

அச்சகத்துக்கு மேல் மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், இருபது பேர் இருப்பார்கள். அங்கே ஒரு வழக்கம். புதிதாக வருபவர் எழுந்து பெயரைச் சொல்லிவிட்டு, தனக்கு என்ன தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் மண்டியில் தெரியாது என்று வாய் திறந்தவனுக்கு அன்றைக்கு நஷ்டம். நான் எழுந்து, "எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்றேன். கைதட்டினார்கள். எனக்கு யாரும் கைதட்டியதில்லை, மேடம். நன்றாகத்தான் இருந்தது.

கீழே இறங்கியதும் கோகிலவாணிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வயதில் எனக்குச் சின்னவள், கூட்டத்தில் எனக்கு மூத்தவள். பையில் சில்லறையாக முப்பத்து மூன்று ரூபாய் இருந்தது. ஒரு ரூபாயை மட்டும் எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

"அத்த மட்டும் இன்னாத்துக்கு அண்ணா உள்ள வெக்கறீங்க?"

"கல்லாவும் பையும் காலியா இருக்கக் கூடாதும்மா. ஒரு ரூவாயாவது உட்டுவெக்கணும். எங்க அப்பா பூட்டறதுக்கு முன்னாடி டெய்லி வெப்பாரு."

அவள் வடை வாயோடு சிரித்தாள். அன்றிலிருந்து நான் அண்ணன்.

ஆறு மாதம் அவளிடம் கற்றேன். ஒரு இணையதளத்தில் பாதுகாப்பு ஓட்டை கண்டால், உடையவரிடம் மட்டும் சொல்லிவிட்டு அவர் அடைக்கிறவரை வாயை மூடிக்கொண்டிருப்பது இவர்கள் தர்மம். நானும் ஒரு பேருந்து டிக்கெட் தளத்தில் ஓட்டை கண்டு சொன்னேன். நன்றிக் கடிதமும் ஒரு பனியனும் அனுப்பினார்கள். அப்பா அதைப் பிரித்துப் பார்த்தார்.

"இன்னாடா இது? ஊரான் வூட்டு ஓட்டைய கண்டுபுட்ச்சி, அவங்கிட்டயே சும்மா குடுத்துட்டு, ஒரு பனியன் வாங்கினு வந்துகீற. இதுவும் ஒரு யாவாரமா?"

அந்தப் பனியனை நான் இன்னும் துவைத்து மடித்துத்தான் வைத்திருக்கிறேன்.

பிறகு கூட்டத்தில் அவள் பேசும் முறை வந்தது. தன் ஊரைப் பற்றிப் பேசினாள். அங்கே சிக்னல் விழுவது ஊர்மேட்டில் ஒரு நாவல் மரத்தடியில் மட்டும். காலையில் எல்லாரும் போனை ஒரு ஒயர்கூடையில் போட்டு மரத்தில் தொங்கவிட்டுக் கொல்லைக்காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். யாருக்குச் செய்தி வந்தாலும் மரத்தடியில் இருப்பவர் படித்துக் கூவிச் சொல்வார். அதனால் எந்தப் போனிலும் பூட்டு இல்லை. ஏ.டி.எம். கார்டு தொலையாமலிருக்கப் போன் உறைக்குள்ளேயே செருகியிருக்கும். "எங்க ஊர்ல திருட்டு போனதே இல்ல. ஆனா வெளிய இருந்து ஒருத்தர் வந்தா?" என்று கேட்டு நிறுத்தினாள். அவ்வளவு பேர் இருந்தும் அந்தக் கேள்வியை முழுசாகக் காதில் வாங்கியவன் நான் ஒருவன்தான்.

ஊராருக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கலாம், நானும் வருகிறேன் என்றேன். அவளுக்குச் சந்தோஷம். தை மாதம் மலையேறினோம். மரத்தடியில் சின்னக்குழந்தை என்கிற பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"மண்டிக்காரர் புள்ளயா? தராசு இன்னாப்பா, வண்டியிலயே உட்டுட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். கோகிலவாணிதான் முன்னால் வந்தாள். "அவரு நம்ம அண்ணன் மாமா. நான் பொறுப்பு."

பொறுப்பு என்றாள். அந்தச் சொல்லை நானாகக் கேட்டு வாங்கவில்லை.

வகுப்பு முடிந்ததும், பூட்டெல்லாம் சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம் என்று வழக்கம்போலப் போனைக் கூடையில் போட்டுவிட்டு எல்லாரும் கொல்லைக்குப் போனார்கள். அவள் போனும் கூடையில்தான் தொங்கியது. "பாத்துனு இருங்கண்ணா, வூட்டுக்குப் போய்ட்டு சோறு எத்தினு வர்றேன்" என்று சரிவில் இறங்கினாள். போனும் கார்டும் சேர்ந்து கையிலிருந்தால் என்ன செய்யலாம் என்பது உங்கள் ஆட்களுக்கே தெரியும், நான் விவரிக்கவில்லை. அவள் சாமைச்சோறும் புளிக்குழம்பும் கொண்டுவருவதற்குள் வேலை முடிந்தது. கை கழுவிவிட்டுச் சாப்பிட்டேன். குழம்பில் அவர்கள் புளி. நல்ல புளி.

பொழுது சாயக் கூடை இறங்கியது.

"வாணி, ஏங் கணக்குல ஒரு ரூவாதான் கீதுன்னு வர்து. மீதி இன்னா ஆச்சும்மா?" என்றார் சின்னக்குழந்தை.

"இருங்க மாமா, நெட்டு செரியில்லாம இருக்கும்."

"எனக்கும் அதேதான் கீது," என்றாள் சாந்தம்மாள். "ஒம்பேருக்குப் போயிருக்குன்னு போட்டுருக்குது பாருடி."

ஆமாம் மேடம். பதினொரு கணக்குப் பணமும் அவள் கணக்கில்தான் இருந்தது. நான் ஒரு பைசா எடுக்கவில்லை. மண்டிக்காரன் மகன் பணத்தைக் கிளப்பி அடுத்தவர் கணக்கில் போட்டான் என்றால் மலையில் யார் நம்புவார்கள்? அப்பா சம்பாதித்த பெயர் எனக்குக் காவலாக நின்றது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் எடுத்தேனா என்று கேட்கவில்லை. "யாருன்னா வந்தாங்களா அண்ணா?" என்றாள்.

"யாரும் வரலயேம்மா" என்றேன். பொய் இல்லை. யாரும் வரவில்லை.

யாரும் அவளை அடிக்கவில்லை, வையவும் இல்லை. ஆளுக்கொரு போனைத் துடைத்து மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் கூடையில் அவள் போன் ஒன்றுதான் தொங்கியது. அதற்கடுத்த நாள் புகாரின் பேரில் நீங்கள் அதையும் எடுத்துக்கொண்டு அவளையும் அழைத்துப் போனீர்கள். பெங்களூரில் வருவதாக இருந்த வேலை வரவில்லை. வேலூர்க் கூட்டத்தில், போலீஸ் விசாரணை முடியும்வரை அவள் வர வேண்டாம் என்று கை தூக்கினோம். நானும் தூக்கினேன், கடைசியாக. புதியவர்களை வரவேற்கிற பொறுப்பு எனக்கு வந்தது. "உங்களுக்கு என்ன தெரியாது, கூச்சப்படாம சொல்லுங்க" என்று அவளைவிட நன்றாகவே சொல்வேன்.

மாசியில் பதினொரு குடும்பப் புளியும் மண்டிக்கு வந்தது. சின்னக்குழந்தை என் முகத்தைப் பார்க்காமல் கைநாட்டு வைத்தார்.

நான் மாட்டியது எதனால் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். வங்கித் தாள்களை அவள் முன்னால் போட்டபோது, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நாங்க எடுத்தா தொடச்சி எடுப்போம் மேடம். ஒரு ரூவா உட்டுவெக்கறது மண்டிக்காரங்க பழக்கம். எங்க அண்ணன் சொல்லிக்குடுத்தாரு" என்றாளாம். அப்போதும் அண்ணன் என்றுதான் சொன்னாளா என்று நான் இரண்டு தரம் கேட்டேன். ஆமாம் என்றீர்கள்.

பழக்கம்தான் மேடம். யார் கல்லாவாக இருந்தாலும் துடைத்தெடுக்க எனக்குக் கை வராது. அதைக் கருணை என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆகவே கணக்கைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நான் எடுத்தது ஒன்றுமில்லை. ஏழைகள் கணக்கில் விட்டுவைத்தது பதினொரு ரூபாய். டீக்கும் வடைக்கும் கொடுத்தது முப்பத்திரண்டு. சோற்றுக்கு நான் பணம் தந்தும் அவள் வாங்கவில்லை, அதைச் சேர்க்க வேண்டாம். கூட்டிப் பாருங்கள், நாற்பத்து மூன்று ரூபாய் எனக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.