ஒன்பதாம் கேள்வி

படிவம் நிரப்புவது எனக்குப் பிடித்த வேலை. கட்டத்துக்குள் அடங்கும் கேள்வி, கட்டத்துக்குள் அடங்கும் பதில். அதற்கு மேல் யாரும் எதுவும் எதிர்பார்ப்பதில்லை. அதனால்தான் விசாரணை அதிகாரியான நீங்கள் வெறும் வெள்ளைத் தாள்களைக் கொடுத்து, "உங்க சொந்த வார்த்தையிலேயே எழுதுங்க" என்றபோது சற்றுத் தயங்கினேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இருப்பதால் தேதிகள் தப்பாது. காரணங்கள் தப்பலாம். தப்பினால் எழுதும்போதே திருத்திக்கொள்கிறேன்.

நான்கு வருடமாக முதலீட்டு வங்கியில் ஆய்வாளனாக இருக்கிறேன். நிறுவனத்தை விற்க நினைப்பவருக்கு ஆள் தேடிக் கொடுப்பதும், விலை படியும்வரை இரு தரப்பையும் எழுந்து போகாமல் உட்கார வைப்பதும் எங்கள் பிரிவின் வேலை. ஒவ்வொரு விற்பனையையும் தொடங்கும்முன் நாங்கள் ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பதினான்கு கேள்விகள். ஒன்பதாவது கேள்வி: 'இந்த நிறுவனத்தில் உங்கள் உறவினர் யாரேனும் பணிபுரிகிறாரா?' ஆம் என்று குறித்தால் அந்த வேலையிலிருந்து விலக்கிவிடுவார்கள்.

அட்டைப்பெட்டி ஆலை விற்பனைக்கு வந்தபோது நான் 'இல்லை' என்று குறித்தேன். அந்த ஆலையின் கொதிகலன் பிரிவுக்கு ஃபோர்மேன் என் அக்காவின் கணவர்.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு முன் நான் தொட்ட மூன்று விற்பனைகளும் பாதியிலேயே நின்றுபோயிருந்தன. எங்கள் பிரிவுத் தலைவரை நாங்கள் 'இஸ்திரி' என்போம். அவர் கைபட்ட அறிக்கையில் ஒரு சுருக்கம் இருக்காது. படிவத்தை என்னிடம் நீட்டும்போது, "உன் கைராசிக்கு நீ எதிர் பேங்க்ல போய்ச் சேரு தம்பி, நாம பொழைச்சுக்குவோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே குறித்த 'இல்லை' அது.

ஞாயிறு மதியம் அக்கா வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அத்தான் மேசைமேல் ஈரவிரலால் படம் போட்டு எனக்குக் கொதிகலனை விளக்குவார். உள்ளே அழுத்தம் ஏறினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விட வேண்டிய வால்வு இறுகிப்போயிருந்தது. விற்கப்போகிற ஆலைக்கு எதற்குச் செலவு என்று முதலாளி தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுற நேரத்துலயும் பாய்லர்தானா? தட்டுல இருக்கறது ஆறுது" என்றாள் அக்கா.

"இது ஆறினா ஒண்ணும் ஆகாது. அது சூடேறினாத்தான் வம்பு" என்றவர் என் பக்கம் திரும்பினார். "உங்க பேங்க்தான் விக்குதுன்னு பேசிக்கிறாங்க. வாங்குறவங்க காதுல ஒரு வார்த்தை போட்டு வை மாப்ள."

"பாக்கலாம் அத்தான்" என்றேன்.

போடவில்லை. வாரம் மூன்று நாள் நான் மாலை வகுப்புக்குப் போகிறேன், தொழில்நெறிச் சான்றிதழுக்காக. அந்த வாரம் ஆசிரியர் பலகையின் நடுவே ஒரு கோடு இழுத்து, இந்தப் பக்கம் தெரிந்தது அந்தப் பக்கம் போகக் கூடாது என்றார். நாட்குறிப்பில் அந்தக் கோட்டையும் வரைந்து வைத்திருக்கிறேன், நீங்கள் பார்க்கலாம். வீட்டில் காதில் விழுந்ததை அலுவலகத்தில் பயன்படுத்துவது முறையல்ல. இது நான் இப்போது தேடிப்பிடித்த சாக்கு அல்ல. அல்ல என்றுதான் நினைக்கிறேன்.

வாங்குபவரின் பொறியாளர் ஆலையைப் பார்வையிட நாள் கேட்டார். கொதிகலன் வாரத்தில் ஆறு நாள் ஓடும். நான் ஏழாவது நாளைக் கொடுத்தேன். அத்தான் சொன்னதை வைத்துத்தானே என்று நீங்கள் மடக்கலாம். ஆனால் வார விடுமுறை எது என்பது ஆலை வாசல் பலகையிலேயே இருக்கிறது.

பொறியாளர் ஓய்வு பெறும் வயதில் இருந்தார். ஜில்லென்றிருந்த கொதிகலனில் கையை வைத்து, "ஓடும்போது பாத்தா தேவல" என்றார்.

"ஓடும்போது வெளியாளை உள்ள விட மாட்டாங்க சார்" என்றேன்.

முழங்கால் வலி என்று அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, 'வெளிப்பார்வைக்குக் குறையில்லை' என்று எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாங்குபவருக்குக் காட்ட நாங்கள் தயாரித்த ஆலையின் மூன்றாண்டுத் திட்டத்தில் கொதிகலனை மாற்றும் வேலை முதல் வருடத்தில் இருந்தது. அதை மூன்றாம் வருடத்துக்கு நகர்த்தினேன். முதல் வருட லாபம் பார்க்க அழகாக ஆகிவிட்டது. இஸ்திரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நல்லாவே தேச்சிருக்க" என்றார். நான்கு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அன்றுதான்.

விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாக மூன்று வாரம் இருந்தபோது அத்தான் மதிய இடைவேளையில் எங்கள் கட்டடத்துக்கு வந்தார். வரவேற்பறை நாற்காலியின் நுனியில், சட்டையில் ஒட்டியிருந்த கரி நாற்காலியில் படாதபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போனேன்.

"சோப்புக் கம்பெனியில கூப்பிடறாங்க. சம்பளம் கொஞ்சம் கம்மி. உங்க அக்காகிட்ட இன்னும் சொல்லல. எனக்கு அந்த பாய்லர்கிட்ட நிக்கவே பயமா இருக்கு மாப்ள. நீ படிச்சவன். போகட்டுமா, இருக்கட்டுமா?"

கையெழுத்தாகும்வரை வேலையை விட்டுப் போகக் கூடாதவர்கள் என்று வாங்குபவர் ஏழு பேரின் பட்டியலைக் கொடுத்திருந்தார். அத்தான் அதில் நான்காவது. அவர் விலகினால் ஏன் என்று கேட்பார்கள், ஆலையை மறுபடி பார்க்க வருவார்கள், இந்த முறை தேதியை அவர்களே குறிப்பார்கள். பட்டியல் ரகசியம் என்பதால் அதை அவரிடம் சொல்லவும் எனக்கு உரிமையில்லை.

"இருங்க அத்தான். புது ஆளுங்க வந்ததும் மொத வேலையா பாய்லரைத்தான் மாத்துவாங்க" என்றேன்.

"நீயே சொல்லிட்ட, அப்புறம் என்ன" என்று தேநீருக்கு அவரே காசு கொடுத்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்ததாக அன்றைய குறிப்பில் இருக்கிறது.

விற்பனை முடிந்தது. எனக்குப் பதவி உயர்வும் ஜன்னல் உள்ள அறையும் கிடைத்தன. நாற்பத்தோராம் நாள் காலை பத்து இருபதுக்குக் கொதிகலன் வெடித்தது. மூன்று பேர். அத்தான் மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு வால்வைக் கையால் திறக்கப் பார்த்ததாகவும், இரண்டு பேர் அவரை விட்டுப் போகவில்லை என்றும் உங்கள் அறிக்கையில் படித்தேன். அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான். அந்த நேரத்தில் நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன். கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தேன்.

ஆக, பார்வையிடும் நாளைக் குறித்தது நான். கொதிகலன் மாற்றத்தைத் தள்ளியது நான். அவரை இருக்கச் சொன்னது நான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. மறைத்து மறைத்து அலுத்தும்விட்டது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், என் பக்கத்து நியாயமும் பதிவாக வேண்டும். போன மாதம் அக்கா வந்தாள். ஃபோர்மேனின் கவனக்குறைவுதான் காரணம் என்று புது முதலாளி தரப்பு சொல்கிறது, அதனால் இழப்பீடு கிடையாதாம்.

"பணம் கெடக்குது. செத்த மனுஷன் மேலேயே பழி போடுறாங்கடா. பாய்லர் கெட்டிருக்குன்னு அவர் தலபாடா அடிச்சுக்கிட்டாரே, நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்த? அதை மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடு" என்றாள்.

அந்தப் புது முதலாளிக்கு இப்போது எங்கள் வங்கிதான் ஆலோசகர். மறுநாளே புதுப் படிவம் ஒன்றை எடுத்து, ஒன்பதாம் கேள்விக்கு 'ஆம்' என்று குறித்தேன். பக்கத்தில் 'இறந்தவர் என் சொந்த அக்காவின் கணவர்' என்று தெளிவாக எழுதினேன். உறவினர் என்பதால் இந்த விவகாரத்தில் நான் யாருக்காகவும் எதுவும் சொல்லக் கூடாது என்று மாலைக்குள் வங்கியின் பதில் கடிதம் வந்தது. அதை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தாள். மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இந்த ஆலை விஷயத்தில் ஒன்பதாம் கேள்விக்கு நான் உண்மையான பதில் எழுதியது அந்த ஒரு முறைதான். அதற்குப் போய் அவள் ஏன் என்னோடு பேசுவதை நிறுத்தினாள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.