நாற்பதாவது படிவம்

நேர்காணல் காலை பத்தரை மணிக்கு. நான் ஒன்பதே காலுக்கே போய்விட்டேன். எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் வண்டிகள் எப்போது நின்றுபோகும் என்று சொல்ல முடியாது. அன்று நிற்கவில்லை. தாழ்வாரத்தில் உட்கார்ந்து என் கட்டுரையை இன்னொரு முறை படித்தேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

அந்தப் பணி எனக்குக் கிடைத்தது. குற்றவியல் துறையில் உதவிப் பேராசிரியர், கற்பித்தலும் ஆய்வும். போன வாரம் நீங்கள் வந்தபோது கதவில் பார்த்த பெயர்ப் பலகையை மாட்டி இரண்டு மாதம்தான் ஆகிறது.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒரு நிபுணர் கருத்து. மனைவி சாந்தகுமாரியைக் கொன்ற உமேஷ், அவள் ஒளிந்திருந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்திருப்பான். இப்படிப்பட்ட ஆண்கள் பொதுவாக என்ன வழிகளைக் கையாள்வார்கள். ஓர் இன்ஸ்பெக்டர் இதையெல்லாம் ஆசிரியரிடம் கேட்டு வருவது நல்ல வழக்கம். கன்னடம் பேச வரும், எழுத வராது என்றேன். "தமிழ்லயே எழுதிக் கொடுங்க சார், ஸ்டேஷன்ல படிக்க ஆள் இருக்கு" என்றீர்கள். எழுதுகிறேன்.

பொதுவான வழிகள் ஐந்தாறு உண்டு. அவை பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. உமேஷ் அவற்றில் எதையும் கையாளவில்லை.

இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆறு வருடம் கெஸ்ட் லெக்சரராக இருந்தேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். நிரந்தரப் பணிக்கான நேர்காணலில் இரண்டு முறை உட்கார்ந்தேன். இரண்டு முறையும் வேறு ஒருவரை எடுத்தார்கள். துறைத்தலைவர் அனந்தலக்ஷ்மி மேடம் என்மேல் அக்கறை உள்ளவர். மூன்றாவது முறை விளம்பரம் வரப்போவது தெரிந்ததும் கூப்பிட்டுப் பேசினார்.

"சந்திரன், நீங்க கிளாஸ் நல்லா எடுக்கறீங்க. பேனல்ல அதையா கேப்பாங்க? பேப்பர் எங்கேன்னு கேப்பாங்க."

"வந்துட்டிருக்கு மேடம்."

"மூணு வருஷமா வந்துட்டிருக்கு. பஸ்ஸா இருந்தா இந்நேரம் மைசூர் போய்த் திரும்பியிருக்கும்." பிறகு சிரிக்காமல் சொன்னார். "இந்தத் தடவையும் இல்லேன்னா அடுத்த போஸ்ட் எப்போ வரும்னு எனக்கே தெரியாது. உங்களுக்கு வயசு நாப்பத்தொண்ணு."

வயது எனக்குத் தெரிந்திருந்தது.

ஆய்வு எளிமையானது. மனைவியைத் தாக்கிச் சிறைக்குப் போய் வெளியே வந்த ஐம்பது ஆண்கள். அவர்களுடைய மனைவிகள். விடுதலையான மாதம், ஒன்பதாம் மாதம், பதினெட்டாம் மாதம் என்று ஒவ்வொருவரையும் மூன்று முறை சந்திக்க வேண்டும். முதல் சந்திப்பில் மனைவியிடம் இருபத்துமூன்று கேள்விகள் கேட்டு ஆணுக்கு ஒரு மதிப்பெண் போடுவேன். மதிப்பெண் கூடினால் ஆபத்தும் கூடும் என்பது என் கருதுகோள். பதினெட்டு மாதத்துக்குள் யார் மறுபடி மனைவியைத் தாக்கினான் என்று பார்த்தால், நான் போட்ட மதிப்பெண் சரியா தவறா என்று தெரிந்துவிடும்.

இதில் கடினமான வேலை, ஆட்களைத் தொலைக்காமல் இருப்பது. வீடு மாறுவார்கள், எண் மாற்றுவார்கள். ஐம்பது ஆண்களில் நாற்பது பேராவது கடைசிப் படிவத்தை முழுமையாக முடிக்க வேண்டும். குறைந்தால் நல்ல ஆய்விதழ் எதுவும் கட்டுரையைத் தொடாது. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு தொடர்புத் தாள் வைத்திருப்போம். முகவரி, வேலை செய்யும் இடம், போன் எண், எப்போதும் விவரம் தெரிந்த ஓர் உறவினரின் பெயர். கணவனின் தாளும் மனைவியின் தாளும் வெவ்வேறு அலமாரியில் இருக்க வேண்டும். கணவனைச் சந்திப்பவர் மனைவியைச் சந்திக்கக்கூடாது. இந்த இரண்டு விதிகளையும் எழுதியவன் நான். நெறிமுறைக் குழு பாராட்டியது. பிறகு என்னோடு வேலை செய்து, கணவர்களைச் சந்தித்துவந்த தீபிகா வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். இரண்டு அலமாரிகளின் சாவிகளும் என்னிடம் வந்தன. அதை நான் யாருக்கும் தெரிவிக்கவில்லை.

சாந்தகுமாரி தொம்மலூரில் பிறந்து வளர்ந்தவள். இடது காதின் கீழிருந்து தோள்வரை தையல் தழும்பு இருந்தது. உமேஷ் சிறையில் இருந்தபோதே ஹெப்பகோடிக்கு வந்து ஒரு தையல் ஆலையில் சேர்ந்துவிட்டாள். என் கேள்விகள் அவளுக்கு வேடிக்கையாக இருந்தன.

"சந்தேகப்படுவாரா, குடிச்சா அடிப்பாரா, கழுத்த நெரிச்சிருக்காரா... இன்னா சார் இது. இதெல்லாம் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே கேட்டிருக்கணும். இப்ப வந்து கேக்குறீங்க."

தொடர்புத் தாளை நீட்டியபோது பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"எங்கம்மாவுக்கே தெரியாது சார். யாராச்சும் வந்து அழுதா அது சொல்லிடும். அக்கா எல்லம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். உங்ககிட்ட எழுதலாமா?"

எழுதலாம் என்றேன். அப்போது அது உண்மை.

நானும் ஹெப்பகோடியில்தான் குடியிருக்கிறேன். சில மாலைகளில் பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பார்ப்பேன். ஆலை விட்டு நாலைந்து பெண்களோடு வருவாள். "எங்க வாத்தியார்" என்று அவர்களிடம் சொல்வாள். நான் தலையசைப்பேன்.

உமேஷுக்கு நான் போட்ட மதிப்பெண் இருபத்துமூன்றுக்கு இருபத்தொன்று. ஐம்பது பேரில் அதுதான் அதிகம்.

இந்த ஜனவரி மூன்றாம் வாரத்தில் முப்பத்தொன்பது பேர் கடைசிப் படிவத்தை முடித்திருந்தார்கள். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். எட்டுப் பேர் எங்கே என்று தெரியவில்லை. மிச்சம் உமேஷ் ஒருவன். அவனுடைய பதினெட்டாம் மாதம் பிப்ரவரி பதினைந்தாம் தேதி முடிகிறது. ஆறு முறை போன் செய்தேன். ஏழாம் முறை எடுத்து, வருகிறேன் என்றான்.

ஜனவரி முப்பது, வியாழக்கிழமை வந்தான். கட்டடங்களுக்கு வண்ணம் அடிப்பவன். நகக்கண்களில் வெள்ளைப் பெயின்ட். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தான். வேண்டாம், போட்டுக்கொண்டே வாருங்கள் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. படிவத்தில் நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். அறுபதாவது கேள்வி முடிந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"சார், நீங்க இவ்ளோ கேட்டீங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"அவ எங்க இருக்கா?"

சொல்லக்கூடாது என்று விதியை விளக்கினேன். நல்ல மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டான்.

"சும்னே ஒரு தடவ பாத்து மன்னிப்பு கேக்கணும் சார். வேற ஒண்ணும் இல்ல." எழுந்து நின்றான். "சரி உடுங்க. மிச்சத்த இன்னொரு நாளு பாத்துக்கலாம்."

இன்னொரு நாள் வரமாட்டான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பாதியில் நின்ற படிவம் எண்ணிக்கையில் சேராது.

உட்காருங்கள் என்றேன். மனைவியின் பிறந்த தேதியைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி இரண்டாவது அலமாரியைத் திறந்தேன். சாந்தகுமாரியின் கோப்பை எடுத்து அவனுக்கும் எனக்கும் நடுவில் வைத்தேன். தொடர்புத் தாள் அதில் முதல் பக்கம். பிறகு, அவனுடைய ஒப்புதல் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போனேன். ஜெராக்ஸ் மிஷின் அந்த அறையிலேயே இருக்கிறது. நான் கீழ்த்தளத்துக்குப் போனேன். போய்வர பதினோரு நிமிடம் ஆனது.

வந்தபோது கோப்பு மூடியே இருந்தது. மேசை விளிம்புக்கு நேராக, நான் வைத்ததைவிட ஒழுங்காக இருந்தது. மீதி ஐம்பத்திரண்டு கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். கடைசிக் கேள்வி, அடுத்த ஆறு மாதத்துக்குள் மனைவியைச் சந்திக்கும் எண்ணம் உண்டா என்பது.

"இல்ல சார்" என்றான்.

'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டேன். நாற்பது பேர் ஆயிற்று.

அவளுடைய போன் எண்ணும் அதே தாளில்தான் இருந்தது. ஏன் கூப்பிட்டுச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கூப்பிட்டிருந்தால் அவள் இடம் மாறியிருப்பாள். அதற்குப் பிறகு நடப்பது ஆய்வாளரின் தலையீட்டால் நடந்ததாகிவிடும். அப்படிப்பட்ட இணையை ஆய்விலிருந்து நீக்கிவிட வேண்டும். மறுபடி முப்பத்தொன்பது. கோப்பை மேசையில் வைத்ததை நான் தலையீடாகப் பதிவு செய்யவில்லை.

ஒரு குற்றம் நடக்க மூன்று வேண்டும் என்று முதல் பருவத்தில் நடத்துகிறேன். செய்ய மனமுள்ள ஒருவன், அவன் கைக்கு எட்டும் ஓர் இலக்கு, தடுக்க ஆள் இல்லாமை. இதில் நான் முதலாவது அல்ல, இரண்டாவதும் அல்ல. மூன்றாவது என்பது ஓர் ஆளே அல்ல, ஆள் இல்லாமை. மாணவர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள்.

அடுத்து வந்த நாட்களில் அட்டவணைகளைத் தயார் செய்தேன். நன்றாகத் தூங்கினேன். ஒரே ஒரு மாற்றம் செய்துகொண்டேன். பேருந்துக்கு வழக்கமான நிறுத்தத்தில் நிற்காமல், அதற்கு அடுத்த நிறுத்தம்வரை நடந்து போய் ஏறினேன். மாலையிலும் அங்கேயே இறங்கினேன். நடப்பது உடம்புக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டதாக ஞாபகம்.

பிப்ரவரி எட்டு, சனிக்கிழமை, மாலை ஆறு இருபது. அவளோடு வந்த பெண்கள் கொடுத்த வாக்குமூலம் உங்களிடம் இருக்கிறது. அதில் நான் சேர்க்க எதுவும் இல்லை. நான் அங்கே இல்லை.

திங்கட்கிழமை உமேஷின் வரிசையில், மறுபடி தாக்கினானா என்ற கட்டத்தில் இருந்த பூஜ்யத்தை அழித்து ஒன்று என்று போட்டேன். அதற்கு முன் என் மதிப்பெண்ணுக்கும் நடந்த தாக்குதல்களுக்கும் இருந்த தொடர்பை, தற்செயல் என்று யாராவது தள்ளிவிட்டிருக்க முடியும். அந்த ஒன்றுக்குப் பிறகு முடியாது. ஆய்விதழ் ஜூனில் ஏற்றுக்கொண்டது. ஜூலையில் நேர்காணல். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு முதிய பேராசிரியர் கட்டுரையைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"நல்லாருக்கு. இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?"

"முன்கூட்டியே தெரிஞ்சா ஒரு உயிரைக் காப்பாத்தலாம் சார்."

அவர் தலையாட்டினார். அனந்தலக்ஷ்மி மேடம் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார்.

உமேஷ் ஆறு மாதம் தலைமறைவாக இருந்து ஆகஸ்ட்டில் பிடிபட்டான். முகவரி எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் கேட்டதற்கு, அவளுடைய அக்கா சொன்னாள் என்றான். அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. நான் அவனிடம் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருவேளை எனக்கு ஒரு மரியாதை செய்வதாக நினைத்திருக்கலாம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் கருத்து இது. முகவரியை அவனுக்கு நான் கொடுத்தேன். கொடுத்தால் என்ன நடக்கும் என்று மற்ற யாரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். இருபத்துமூன்றுக்கு இருபத்தொன்று போட்டவன் நான். மனசாட்சி உறுத்தி இதை எழுதவில்லை. நிபுணர் கருத்தில் தெரிந்த விவரம் விடுபடக்கூடாது என்பதால் எழுதுகிறேன். கையெழுத்து தேவைப்பட்டால் திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல் வாருங்கள். அதுவரை எனக்கு வகுப்பு இருக்கிறது.

இன்னொரு விவரமும் உண்டு. எல்லம்மா நேற்று என் அறைக்கு வந்தார். தொம்மலூரில் ஓர் ஆபீஸ் கேன்டீனில் வேலை செய்கிறவர். வேலை உடுப்போடு, அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"தனி ரூமே குடுத்துட்டாங்களா சார். நல்லாருங்க. சாந்தி உங்கள பத்தி நல்லாதான் சொல்லும்."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாவி என் பேர சொன்னதுலருந்து எங்கம்மா என் கையால ஒரு வாய் சோறு வாங்கறதில்ல சார். தங்கச்சிய வித்துட்டியேடின்னு கேக்குது. பக்கத்து ஊட்டுக்காரங்கல்லாம் நான் வந்தா பேச்ச நிறுத்திடறாங்க. ஸ்டேஷன்லயும் நாலு வாட்டி கூப்ட்டு கேட்டுட்டாங்க."

என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க படிச்சவங்க. இன்ஸ்பெக்டரே உங்களாண்ட வந்து கேட்டுட்டுப் போறார்னாங்க. நீங்க எங்கம்மாகிட்ட வந்து ஒரு வார்த்த சொன்னா போதும் சார். என்னையும் உங்களையும் உட்டா அந்த அட்ரஸ் வேற யாருக்கும் தெரியாது. நான் சொல்லலன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல சார்?"