இரண்டு ஏரித் தண்ணீரைக் கலந்தவன் நான்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மேடையிலுள்ள பேராசிரியர்களே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் பேராசிரியரின் துணைவியார் ரத்தினபாய் அம்மா அவர்களே, பின்னால் நிற்கும் என் போன்ற ஊழியர்களே, வணக்கம்.

தாவரவியல் பேராசிரியர் டாக்டர் தேவானந்தம் அவர்களிடம் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆய்வக உதவியாளனாக இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அவர் மேசையில் கிடந்த புத்தகங்களை அகராதி வைத்துக்கொண்டு நானே படித்தேன். அவர் சொல்லித் தரவில்லை. தடுக்கவுமில்லை, அதுவே பெரிது.

அவர் எதை ஆராய்ந்தார்? இதுவரை பேசியவர்கள் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். ஏரிச் சேற்றில் வெளிச்சத்தைக் கொண்டு வாழும் சிவப்பு பாக்டீரியா இருக்கிறது. அதன் பச்சையம் பச்சை ஒளியை அவ்வளவாகப் பிடிக்காது. கேரட்டின் நிறத்துக்கு உறவான ஒரு நிறமி அந்த ஒளியைப் பிடித்துப் பச்சையத்திடம் கொடுக்கிறது. பிடித்ததில் எவ்வளவு கொடுக்கிறது, எவ்வளவு வெப்பமாக மாறி வீணாகிறது? இந்த ஒரு கேள்விக்காக சைக்கிளில் ஏரி ஏரியாகப் போன மனிதர் அவர்.

1967இல் இரும்புலியூர் ஏரிச் சேற்றைத் தண்ணீரோடு கண்ணாடிப் புட்டியில் வளர்த்து அளந்தார். மூன்றில் இரண்டு பங்கு போய்ச் சேருகிறது என்று கட்டுரை எழுதினார். தம் பெயருக்கு அடுத்து என் பெயரைப் போட்டார். முகம் சுளித்தவர்களில் இருவர் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள்.

கட்டுரை அச்சான பிறகு அதே ஏரியில் புதிதாகச் சேறு எடுத்து அளந்தோம். மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. அப்போதுதான் சொன்னேன்.

"சார், மே மாசம் புட்டி வத்திப்போச்சு. மாடம்பாக்கம் ஏரிப் புட்டியிலேர்ந்து கொஞ்சம் ஊத்தினேன். ரெண்டும் செவப்புதானே?"

"உங்க வூட்டு ரசமும் எங்க வூட்டு ரசமும் செவப்புதான். ஒண்ணாய்யா?"

அதற்கு மேல் திட்டவில்லை. தம் கவனக்குறைவால் மாதிரிகள் கலந்துவிட்டதாக எழுதி, தனியாகக் கையெழுத்திட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். அதனாலேயே துறைத் தலைவர் பதவி அவருக்கு வரவில்லை.

நான் நன்றி சொன்னேனா? இல்லை. சண்டை போட்டேன்.

"பெருமைக்கு என் பேரு வேணும், தப்புக்கு வேணாமா சார்? தப்பு பண்ணக்கூட எனக்குத் தகுதியில்லையா?"

"வேலை போயிடும்யா. போய்ப் புட்டியக் கழுவு."

ஆறு ஆண்டுகள் ஒரே அறையில் பேசாமல் இருந்தோம். வேலையைச் சீட்டில் எழுதி வைப்பார். நானும் சீட்டிலேயே பதில் வைப்பேன். கடைசிச் சீட்டில், "கோபம் போயிற்றா?" என்று கேட்டிருந்தார். "இல்லை" என்று எழுதினேன். அது பொய். மறுவாரம் அவர் இல்லை.

நான் அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறுகிறேன். அதற்குள் இரண்டு ஏரிச் சேற்றையும் தனித்தனியே வளர்த்து, அவர் கேட்ட கேள்விக்கு இரண்டு விடைகளையும் அளந்து வைப்பேன். யார் அனுமதித்தாலும் சரி, அனுமதிக்காவிட்டாலும் சரி.

இப்போது இரங்கல் தீர்மானம் வாசிக்கப் போகிறீர்கள். "தம் பிழையைத் தாமே ஒப்புக்கொண்ட பண்பாளர்" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. பிழை அவருடையதல்ல, என்னுடையது. அங்கே என் பெயரை எழுதுங்கள். எழுதிய பிறகு வாசியுங்கள். எல்லாரோடும் நானும் எழுந்து நிற்கிறேன். அதுவரை இந்த ஒலிபெருக்கியை விட்டு நகரமாட்டேன்.