கம்பம் இல்லாத கம்பிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் அச்சக முதலாளி ஐயா அவர்களே, அவர் பக்கத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவருடைய மாப்பிள்ளை அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனின் அருமை மகளே, எந்திரத்தை நிறுத்திவிட்டு மை காயாத கையோடு வந்திருக்கும் தோழர்களே! வணக்கம்.

ஒளிப்படக் கலைஞர், நிறத் திருத்தத்தில் நிகரில்லாதவர், நாம் எல்லோரும் “மூட்டம்” என்று அழைத்த நம் அண்ணன் போய்விட்டார். அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக்கொண்டுதான் வந்தேன். தாள் சட்டைப்பையில் இருக்கிறது. ஆனால் எனக்கு முன்னால் பேசிய முதலாளி ஐயா ஒன்று சொன்னார். கேட்டீர்களா? “அந்த ஏரிப் படத்துல அவர் பண்ண தப்பை நான் அன்னைக்கே மன்னிச்சுட்டேன்” என்றார். மன்னித்தாராம்! அதைக் கேட்டு அண்ணனின் மகள் தலைகுனிந்ததை நான் பார்த்தேன். அதனால் தாள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

பனிமூட்டம் படர்ந்த நிலத்தைப் படமெடுப்பவர்கள் பலர் உண்டு. எடுத்த படத்தில் பனியைப் பனியாகவே வைத்திருக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? பனிக்குள் முழுக் கறுப்பு கிடையாது. முழு வெள்ளையும் கிடையாது. அண்ணன் கரையோர நாணலை மட்டும் ஒரு சாயல் அழுத்திக் கருமையாக்குவார். எதிர்க்கரையைத் தொடவே மாட்டார். நீலம் கூடியிருந்தால் கொஞ்சம் குறைப்பார், முழுதும் எடுக்க மாட்டார். ஏன் என்று கேட்டேன். “நீலத்தை மொத்தமா வழிச்சுட்டா பனி புகையாயிடும்ப்பா. எதுக்குப் பின்னால எது நிக்குதுன்னு மட்டும் நாம சொல்லணும். மிச்சத்தைப் பாக்கறவன் பாத்துக்குவான்” என்றார். நான் பிழை திருத்துகிறவன். ஒரு பக்கத்தில் எதைத் தொடக் கூடாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் பட்டப்படிப்பல்ல, பக்கத்து மேசையிலிருந்த இந்த மனிதர்.

காலண்டருக்காக அந்த ஏரிப் படத்தை அவர் முடித்துக் கொடுத்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். நாணல், ஒரு படகு, அதற்கப்பால் வெளுத்துக் கரைந்த கரை. புதிதாகக் கம்ப்யூட்டர் பழகியிருந்த மாப்பிள்ளை வந்தார். “என்னங்க இது, பால் கொட்டுன மாதிரி இருக்கு? கறுப்பே இல்லையே!” என்றார். முதலாளி ஐயா, “மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். பளிச்சுன்னு ஆக்குங்க” என்றார். அண்ணன் மறுத்தார். “அப்ப நீங்க எந்திரிங்க” என்று சொல்லி அந்த நாற்காலியில் மாப்பிள்ளை உட்கார்ந்தார்.

கான்ட்ராஸ்டை ஏற்றினார். ஏறிற்று. பனி விலகிற்று. விலகிய பனிக்குள்ளிருந்து ஏரி நெடுக மின்கம்பங்கள் எழுந்து நின்றன! “ஐயையோ, கம்பம்!” என்று அவற்றை ஒவ்வொன்றாக அழித்தார். கம்பத்தை அழித்தவர் கம்பியை விட்டுவிட்டார். அதன்மேல் உட்கார்ந்திருந்த இரண்டு குருவிகளையும் விட்டுவிட்டார். அப்படியே காலண்டராகி, ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஆகாயத்தில் ஆதாரமில்லாத கம்பி, அதில் குருவி! நீலம் போன நீர் பழுப்பாக, குட்டை போல! கீழே யார் பெயர்? அண்ணன் பெயர்.

விற்பனையாளர்கள் கூட்டத்தில் சிரித்தார்கள். “பனி போகும்போது கம்பத்தையும் கூட்டிட்டுப் போயிடுச்சா?” என்று ஒருவர் கேட்டார். அப்போது முதலாளி ஐயா எழுந்து, “நம்ம மூட்டம் கொஞ்சம் அசந்துட்டாரு” என்றார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டுக்கும் இடையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி தூரம்தான். அண்ணனுக்கு அடுத்த நாற்காலியில்தான் மாப்பிள்ளை உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் அந்தக் கூட்டத்திலேயே எழுந்து உண்மையைச் சொன்னேன். மறுநாள் என் மேசை கீழ்த்தளக் காகிதக் கிடங்குக்குப் போயிற்று. அண்ணனை மருந்துப்பெட்டி உறை பிரிவுக்கு மாற்றினார்கள். பனியைப் படித்த அந்தக் கண்கள் அதற்குப் பிறகு மாத்திரை அட்டையின் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தன, கடைசி வரைக்கும்.

என்ன முதலாளி ஐயா? சத்தமாகச் சொல்லுங்கள். “செத்தவர் முன்னாடி இதையெல்லாம் பேசணுமா?” என்கிறீர்களா? செத்தவர் முன்னால் பொய் பேசலாம், மெய் பேசக் கூடாதோ? உட்காருங்கள்.

ஒருநாள் முடிவெட்டும் கடையில் நானும் அண்ணனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம். சுவரில் அந்தக் காலண்டர். கடைக்காரர் கத்தரியால் அதைக் காட்டி, “எந்த முட்டாப்பய பண்ண வேலை சார் இது?” என்று கேட்டுச் சிரித்தார். அண்ணன் கழுத்தில் துணியோடு, கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்: “நான்தாங்க.”

வெளியே வந்ததும் சண்டை போட்டேன். “ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?” என்றேன். “பேரு என்னோடதுதானே போட்டிருக்கு. போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் மொதலாளி மருமகன்னு கதை சொல்லிட்டிருக்க முடியுமா? விடுப்பா” என்றார். அவர் விட்டார். நான் விடவில்லை. அவருக்கிருந்த பெருமனம் எனக்கில்லை. அதற்காக நான் வருந்தவும் இல்லை. அவருடைய பொறுமையைத் தின்றே கொழுத்தவர்கள் இன்று மேடையில் நின்று அவரை மன்னிக்கும்போது, என் கோபமாவது அவருக்கு உதவட்டும்!

மகளே, நிமிர்ந்து உட்கார் அம்மா. உன் அப்பா கம்பியைத் தொங்கவிட்டவர் அல்லர். கம்பத்தையும் கம்பியையும் ஒருசேரப் பனிக்குள் விட்டுவைத்தவர்.

தோழர்களே, அவர் பணியைத் தொடர்வோம் என்று வெறும் வாயால் சொல்ல நான் வரவில்லை. அண்ணன் முடித்த அந்தப் படம், பனி கலையாமல், அண்ணியிடம் இருக்கிறது. அடுத்த காலண்டரின் முதல் தாள் அதுதான். அவர் அழுத்திய நாணல் அதே அழுத்தத்தில், அவர் விட்ட நீலம் அதே நீலத்தில் அச்சாகும். அந்தத் தாள் ஓடாமல் வேறெந்தத் தாளும் ஓடாது என்று எந்திரப் பிரிவுத் தோழர்கள் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு என்னை எங்கே மாற்றுவீர்கள் ஐயா? கிடங்குக்குக் கீழே வேறு தளம் இல்லையே!

அடுத்து மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். மாப்பிள்ளை அவர்களே, நீங்கள் மட்டும் உட்கார்ந்திருங்கள். இந்த ஒலிவாங்கியை உங்கள் முன்னால் வைக்கிறேன். அந்தக் கம்பத்தையெல்லாம் அழித்தது யார் என்று நீங்கள் சொல்ல வேண்டும். சொல்லும்வரை நாங்கள் மௌனமாக நின்றுகொண்டிருப்போம்.