வெள்ளைக் கோட்டின் எடை

வெள்ளைத் துணியில் தைப்பவர்களுக்கு அடிக்கடி கை கழுவும் பழக்கம் வந்துவிடும், மேடம். உங்கள் டீ கிளாஸைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்தக் கோட்டில் கறை பட்டால் போகாது.

ஓரத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள். பிரித்தவருக்குப் பொறுமை இல்லை, துணியும் சேர்ந்து கிழிந்திருக்கிறது. என்னிடம் சொல்லியிருந்தால் நானே தையலைப் பிரித்துத் தந்திருப்பேன். நான் தைத்ததுதானே.

படத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். குடும்பத்தைப் பறிகொடுத்த ஒரு பெண் வாள் பயின்று, ஆறு பேரைத் தேடித் தேடி வெட்டுகிறாள். ஆறாவது ஆள், அவளை எடுத்து வளர்த்தவர். எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. வளர்த்தவர் ஒரு தப்பு செய்துவிட்டால் அதற்காக வாளை உருவுவதா? டைரக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

அந்தப் பெண்ணாக நடித்தவள் என் தங்கை. வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். வீட்டில் என்றால் நான் ஒருத்திதான். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பதினெட்டு. ஊட்டிவிட்டது, தலை வாரியது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் நான். எனக்கு வந்த வரன்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினேன். அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அவளுக்கு மட்டும் நினைவிருந்தால் போதும்.

அவள் சண்டைப் படங்களுக்கு வந்தபோது நானும் உடைப் பிரிவில் சேர்ந்தேன். அவள் முழங்கால் எங்கே தரையில் படும், தோள் எங்கே மோதும் என்று பார்த்துப் பார்த்து உள்ளே பஞ்சு வைத்துத் தைப்பேன். எட்டு வருடத்தில் அவள் உடம்பில் ஒரு கீறல் விழுந்ததில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

கடைசிச் சண்டைக்குத்தான் இந்தக் கோட். மாடி விளிம்பிலிருந்து கயிற்றில் இறங்கி, நீண்ட மேசையின் நுனியில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். இறங்கும்போது கோட் குடை மாதிரி விரிய வேண்டும். அதற்காகக் கீழ் ஓரத்தில் சிறு சிறு ஈயத் துண்டுகளை வைத்துத் தைப்பது வழக்கம். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

கயிற்று வேலை எளிமையானது. மேலே ஓர் உருளை. கயிற்றின் ஒரு முனையில் ஆள், மறு முனையில் மணல் மூட்டைகள். மூட்டைகளின் எடை ஆளின் எடையைவிடத் துளி குறைவாக இருந்தால் ஆள் இறகு மாதிரி இறங்குவார். அதனால் தினமும் காலையில் உடை, பெல்ட், வாள் எல்லாவற்றோடும் ஆளைத் தராசில் நிறுத்து, எடையைச் சீட்டில் எழுதி, உடைப் பிரிவில் கையெழுத்துப் போட்டு, சண்டை மாஸ்டரிடம் கொடுப்போம். சீட்டைப் பார்த்து அவர் தன் கையாலேயே மூட்டை கட்டுவார். சீட்டு கொடுத்தபின் ஒரு பொத்தான் மாறினாலும் மறுபடி நிறுக்க வேண்டும். அது அவர் போட்ட விதி.

என் சீட்டுக்கு மட்டும் அவர் அதைக் கேட்டதில்லை. "அக்கா கையெழுத்து போட்டுட்டா நான் தராசைக்கூட திரும்பிப் பார்க்க மாட்டேன்" என்பார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது.

மாஸ்டரும் சின்னவளும் கல்யாணம் செய்துகொள்ளப்போகிற விஷயத்தை அவள் சொன்னது கடைசிச் சண்டைக்கு முந்தின வாரம். நான் அவளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன்.

"படம் முடிஞ்சதும் வெளிநாட்டுக்குக் கிளம்புறோம்க்கா. அங்க அவர் பயிற்சிப் பள்ளி ஆரம்பிக்கிறார். இருபது நாள்ல டிக்கெட்."

"எத்தனை நாளைக்கு?"

"எத்தனை நாளா? இனி அங்கேயேதான்க்கா. உனக்கு வேலை மிச்சம். இனிமே உன் தலையை மட்டும் வாரிக்கோ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். பின்னலை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

நான் அவசரப்படுகிறவள் இல்லை, மேடம். யோசித்தேன். கணுக்கால் பிசகினால் ஆறு வாரம் கட்டுப் போடுவார்கள். டிக்கெட் தேதி போய்விடும். ஆறு வாரம் வீட்டில் என் பக்கத்தில் இருந்தால் அவளுக்கே மனசு மாறும். கணுக்கால் மட்டும். அதற்குமேல் நான் நினைக்கவில்லை.

கடைசிச் சண்டை எடுத்த அன்று காலை அவளைச் சரியாக நிறுத்தேன், சரியாக எழுதினேன். ஒத்திகை அழகாக நடந்தது. பிறகு இஸ்திரி போட வேண்டும் என்று கோட்டை வாங்கிக்கொண்டு போய், ஓரத்தில் இரண்டு கிலோ ஈயம் சேர்த்துத் தைத்தேன். சின்னவள் இறங்கினாள். சற்று வேகம்தான். முழங்காலை மடக்கிச் சமாளித்து, அசையாமல் நின்றுவிட்டாள். அப்படிப் பழக்கியிருந்தார் மாஸ்டர்.

டைரக்டர் கைதட்டினார். "கோட் இன்னைக்கு என்னமா விரியுது! என்னக்கா மந்திரம் போட்டீங்க? இன்னொரு தடவை எடுத்துடலாம்."

இன்னொரு தடவை வேண்டும் என்று நான் கேட்கவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

மறுபடி கோட்டை வாங்கிப் போனேன். இந்த முறை ஆறு கிலோ. சின்னச் சின்னத் தையலாகப் போட்டேன், நடுவில் அவிழ்ந்துவிடக் கூடாதே. திரும்பி வந்து அவளுக்கு மாட்டிவிட்டபோது தோளை அசைத்துப் பார்த்தாள்.

"அக்கா, கனமா இருக்கே?"

"தண்ணி தெளிச்சு இஸ்திரி போட்டேன்டி. ஈரம்."

"மறுபடி நிறுக்கணுமா?"

"எல்லாரும் காத்துட்டிருக்காங்க. போ."

அவள் போனாள். நான் சொன்னால் எதற்கும் மறுபேச்சுப் பேசமாட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படி.

மேசை நுனியில் கால் நிற்கவில்லை. முதுகு விளிம்பில் மோதியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்றார் டாக்டர். இனி வருமா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

மூட்டை கட்டியவர் என்று மாஸ்டரைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு எங்கே நேரம்? இரண்டு மணிக்கொரு முறை அவளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். துடைத்துவிட வேண்டும். இருபது வருடத்துக்குப் பிறகு மறுபடி என் கையால் ஊட்டினேன். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த பிறகு முதல் பன்னிரண்டு நாளும் வீடு வீடாக இருந்தது.

பிறகு அவள் சாப்பிட மறுத்தாள். "அவர் மூட்டையைத் தப்பா கட்டவே மாட்டார். கோட்தான் கனமா இருந்துச்சு. ஏன்க்கா?" நான்கு நாளாக இதே கேள்வி. வயிறு காய்ந்த குழந்தையை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? நேற்று மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களிடம் சொன்னதையெல்லாம் அவளிடமும் சொன்னேன்.

கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அழவில்லை. பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிடச் சொன்னாள். மாமி ஊட்ட, நாலு வாய் சாப்பிட்டாள். என் கையால் சாப்பிடவில்லையே என்று எனக்கு வருத்தமில்லை. சாப்பிட்டாளே, அது போதும். அப்புறம் மாமியின் போனில் உங்களோடு பேசியிருக்கிறாள்.

அவ்வளவுதான், மேடம். ஈயம் வைத்தது நான். இரண்டு முறையும் தெரிந்தேதான் வைத்தேன். மாஸ்டரை விட்டுவிடுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். அவளைப் புரட்டுகிற நேரமாகிறது. முதுகுக்குக் கீழே கையை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று மாமிக்குத் தெரியாது.

காலையில் நான் படியிறங்கும்போது பூட்டு மாற்றுகிறவர் மேலே ஏறிக்கொண்டிருந்தார். சின்னவள்தான் வரச் சொன்னாளாம். நல்லதுதான், தனியாகக் கிடக்கிற பெண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டாமா? புதுச் சாவியில் ஒன்றை எனக்கென்று மாமியிடம் கொடுத்து வைத்திருப்பாள்.